காசல்டன் கிராமத்தைச் சுற்றி நடக்க: எந்தப் பாதை, எந்தத் திசை, எந்தக் காலத்தில்?

#1 முகடுவழி

இங்கிலாந்தின் டார்பிஷயரில், மான்செஸ்டருக்கும் ஷெஃபீல்டுக்கும் நடுவே இருக்கிறது காசல்டன். நடக்க வருகிறவர்கள் எடுத்தவுடன் "எத்தனை கிலோமீட்டர்?" என்றுதான் கேட்கிறார்கள். இந்த ஊரில் அது இரண்டாவது கேள்வி. காலுக்குக் கீழே என்ன கல், அதில் ஏறப் போகிறோமா இறங்கப் போகிறோமா என்பதே முதல் கேள்வி.

இரண்டு நிலங்கள் சந்திக்கும் கோட்டில் ஊர் அமைந்திருக்கிறது. தெற்கே சுண்ணாம்புக்கல் மேடு. மழைநீர் கல் இடுக்கில் இறங்கி மறைந்துவிடுவதால் பள்ளத்தாக்குகள் பெரும்பாலும் வறண்டே கிடக்கும். ஆனால் பல தலைமுறைக் கால்கள் தேய்த்த சுண்ணாம்புக்கல் நனைந்தால் சோப்பு தடவியது போல வழுக்கும். வடக்கே மணற்கல்லும் ஷேல் என்ற அடுக்குக் களிப்பாறையும். மணற்கல் நனைந்தாலும் பிடிக்கும். ஷேல் சேறாகும், சரியும்.

மூன்று பாதைகளைச் சொல்கிறேன்.

முதலாவது, ஒரு காலைப் பொழுதில் முடிவது. ஊரிலிருந்து ஹாலோஃபோர்ட் சாலை வழியாக வடக்கே போனால் வயல்களைத் தாண்டி ஹாலின்ஸ் கிராஸ் வரும். அது ஊருக்கு வடக்கே நீளும் மலை முகட்டின் தாழ்வான இடம். முகட்டுக்கு அந்தப்புறம் உள்ள ஈடேல் கிராமத்தில் தேவாலயம் எழும் வரை அந்தப் பக்கத்துச் சவப்பெட்டிகளை இந்தத் தாழ்வு வழியாகச் சுமந்து வந்துதான் அடக்கம் செய்தார்கள். அங்கே இடப்பக்கம் திரும்பினால் 1.3 கி.மீ.யில் மாம் டோர் உச்சி, 517 மீட்டர். உச்சியைச் சுற்றிப் பழங்காலக் கோட்டையின் மண் அரண்கள் இருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றத்தான் பாதைக்குக் கல் பாவியிருக்கிறார்கள், கல்லை விட்டு இறங்காதீர்கள். உச்சியிலிருந்து படிகளில் மாம் நிக் சாலைக்கு இறங்கி, ப்ளூ ஜான் குகை வாசலைக் கடந்து, உடைந்த சாலை வழியாக ஊருக்குத் திரும்பலாம். சுமார் 8 கி.மீ., ஏற்றம் 350 மீ.

உடைந்த சாலை என்பது பழைய ஏ625 நெடுஞ்சாலை. மாம் டோரின் கிழக்கு முகம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சரிந்துகொண்டே இருக்கிறது. போட்ட தார் எல்லாம் வெடித்துக் கீழிறங்கியதால் 1979ல் போக்குவரத்துக்கு மூடிவிட்டார்கள். நடக்கலாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்ட தார் அடுக்குகள் விளிம்பில் வெட்டிவைத்தது போலத் தெரியும். அந்த விளிம்பில் மட்டும் நிற்க வேண்டாம். மழை நாளில் இறங்க இதைவிட உறுதியான தரை சுற்றுவட்டாரத்தில் கிடையாது.

இரண்டாவது, கேவ் டேல் சுற்று. பெவரில் கோட்டைக் குன்றின் அடியில் வீடுகளுக்கு இடையே ஒடுங்கிய வாய் ஒன்று இருக்கும். அதில் நுழைந்து பள்ளத்தாக்கு வழியே மேட்டுநிலத்துக்கு ஏறி, ரௌட்டர் பண்ணைப் பக்கமாக வின்டி நோல், மாம் டோர், ஹாலின்ஸ் கிராஸ், ஊர். சுமார் 10 கி.மீ., ஏற்றம் 400 மீ. இந்தச் சுற்றை மாற்றிப் போகாதீர்கள். கேவ் டேல் ஏறுவதற்கான பள்ளத்தாக்கு.

மூன்றாவது, முழு முகடு. ஹோப் ரயில் நிலையத்தில் இறங்கி லூஸ் ஹில் (476 மீ.), பேக் டோர், ஹாலின்ஸ் கிராஸ், மாம் டோர். திரும்ப ஹாலின்ஸ் கிராஸ் வந்து ஈடேல் நிலையத்துக்கு இறங்கலாம். சுமார் 11 கி.மீ., ஏற்றம் 470 மீ. கார் தேவையே இல்லை.

#2 ஷெஃபீல்ட் செல்வி

முதல் ரெண்டும் சரி. மூணாவதோட திசையை நான் ஏத்துக்க மாட்டேன். முழு முகட்டை ஈடேல்ல ஆரம்பிச்சு ஹோப்ல முடிக்கணும்.

காரணம் பேக் டோர். அதோட மேற்கு முகம்தான் செங்குத்து. சின்னச் சின்னதா உருளுற கல், நடுவுல மண் அரிச்ச பள்ளம். நீங்க சொல்ற மாதிரி ஹோப்ல ஆரம்பிச்சா அந்த முகத்துல இறங்கணும். ஈடேல்ல ஆரம்பிச்சா அதுல ஏறணும். ஏறும்போது கையை ஊனிக்கலாம், கால் வைக்கிற இடம் கண்ணுக்கு நேரா இருக்கும். இறங்கும்போது உடம்போட மொத்த எடையும் முன்னங்கால்ல, அதுக்குக் கீழ உருளுற கல். முட்டி வலி இருக்கிறவங்களுக்கு அந்த 50 மீட்டரே நாளைக் கெடுத்திடும்.

ரெண்டாவது காரணம் காத்து. இங்க பெரும்பாலும் தென்மேற்கிலிருந்துதான் அடிக்கும். முகட்டுல மரம் மறைவு எதுவும் கிடையாது. மேற்கு நோக்கி நடந்தா மூணு கி.மீ. முழுக்க மழை மூஞ்சில. கிழக்கு நோக்கி நடந்தா காத்து முதுகைத் தள்ளிவிடும்.

கேவ் டேல் பத்தி நீங்க சொன்னதுக்கு மேல ஒண்ணு: பெருமழைக்கு அடுத்த நாள் பாதையும் ஓடையும் ஒண்ணாயிடும். வறண்ட பள்ளத்தாக்குன்னு நம்பித் துணி ஷூ போட்டுட்டுப் போகாதீங்க.

#3 முகடுவழி

பேக் டோர் விஷயத்தில் நீங்கள் சொல்வதை ஏற்கிறேன். உலர்ந்த கோடை நாளில் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது, ஈரத்தில் நிச்சயம் தெரியும்.

ஆனால் ஹோப்பில் தொடங்குவதற்கும் காரணம் இருக்கிறது. ஹோப்பிலிருந்து லூஸ் ஹில் உச்சிக்குச் சுமார் 4 கி.மீ. நடையில் 300 மீட்டர் ஏறுகிறோம். நாளின் கடினமான வேலை கால் புதிதாக இருக்கும்போதே முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு களைத்தவர் ஹாலின்ஸ் கிராஸிலிருந்து எந்தப் பக்கமும் இறங்கிக்கொள்ளலாம்: வடக்கே ஈடேல், தெற்கே காசல்டன். உங்கள் திசையில் ஹாலின்ஸ் கிராஸைத் தாண்டிய பிறகு லூஸ் ஹில்லும் அதற்கப்புறம் நீண்ட புல் இறக்கமும் பாக்கி இருக்கும். இடையில் நிறுத்த வசதி குறைவு.

முடிவாக இப்படி வைத்துக்கொள்ளலாம். ஈரம் அல்லது பலத்த காற்று என்றால் ஈடேலிலிருந்து ஹோப். கூட வருகிறவர்களின் தெம்பு தெரியாதென்றால் ஹோப்பிலிருந்து ஈடேல்.

#4 புதுநடை

டிசம்பர் விடுமுறைக்கு அம்மா அப்பா வருகிறார்கள், இருவருக்கும் 65க்கு மேல். ஏழு வயதுப் பிள்ளையும் உண்டு. மாம் டோர் முடியுமா? ஜீன்ஸ், ஸ்போர்ட்ஸ் ஷூ போதுமா? வழி தவறினால் கூகுள் மேப் கை கொடுக்குமா?

#5 ஷெஃபீல்ட் செல்வி

முதல்ல பகல் நீளம். டிசம்பர் நடுவுல இங்க 3.50 மணிக்கே சூரியன் விழுந்துடும். ஜூன்ல 9.30 வரைக்கும் வெளிச்சம் இருக்கும், அந்த நினைப்புல டிசம்பர் நடையைத் திட்டம் போடக் கூடாது. 2.30க்கு முகட்டை விட்டு இறங்கத் தொடங்கியிருக்கணும். ஆளுக்கொரு தலைவிளக்கு பையில இருக்கணும். போன் டார்ச் கணக்குல வராது, அதையே மேப்புக்கும் அவசர அழைப்புக்கும் நம்பியிருக்கீங்க.

பெரியவங்களோட உச்சி பார்க்கணும்னா கீழேயிருந்து ஏறவே வேண்டாம். மாம் நிக்ல நேஷனல் டிரஸ்ட்ங்கற பாதுகாப்பு அறக்கட்டளையோட கார் நிறுத்துமிடம் இருக்கு. அங்கிருந்து உச்சி ஒரு கி.மீ.க்குள்ள, கல் படியும் பாவின பாதையும்தான். பனி உறைஞ்ச காலையில அந்தக் கல்படியே ஆபத்து, அன்னிக்கு விட்டுடுங்க. வார இறுதியில காலையிலேயே நிரம்பிடும். நிரம்பிட்டா சாலை ஓரப் புல்லுல ஏத்தி நிறுத்தாதீங்க. ஆம்புலன்சும் மீட்பு வண்டியும் போற வழி அது.

காத்து பலமா இருந்தா பீக்ஸ்ஹோல் ஓடை ஓரமா காசல்டன்ல இருந்து ஹோப் வரை நடங்க. சுமார் 2.5 கி.மீ., ஏற்றமே இல்லைன்னு சொல்லலாம். வயல் பாதை. நடுவுல சிமென்ட் ஆலைக்குப் போற ரயில் தடம் ஒண்ணைக் கடக்கணும், அங்க பிள்ளை கையைப் பிடிச்சுக்கோங்க. ஹோப்ல டீ குடிச்சுட்டு பஸ்ல திரும்பிடலாம். தள்ளுவண்டி கொண்டு வர முடியாது. கேட், ஸ்டைல், சேறு மூணும் உண்டு. ஸ்டைல்னா கல்சுவரையோ வேலியையோ ஆள் மட்டும் தாண்டுறதுக்கு வச்ச படி. சில இடத்துல படிக்குப் பதிலா கல்சுவர்ல ஒரு ஒடுக்கமான பிளவு மட்டும் இருக்கும். ஆள் உடம்பைச் சாய்ச்சுப் போயிடலாம், ஆடு வராது, பெரிய முதுகுப்பையும் வராது. கழட்டிக் கையில பிடிச்சுட்டுத்தான் போகணும்.

ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். பருத்தி நனைஞ்சா காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சும். செயற்கை இழையோ கம்பளியோ போடுங்க, மேல ஒரு மழை ஜாக்கெட். ஊரை விட உச்சி 300 மீட்டருக்கு மேல உயரம், அதுக்கே ரெண்டு டிகிரி குறையும். காத்து சேர்ந்தா உடம்புக்கு அதைவிட ரொம்பக் குறைவாத் தெரியும். ஷூவோட அடியில ஆழமான பல் இருக்கணும், அதுதான் முக்கியம். கணுக்கால் உயரமா இல்லையாங்கறது ரெண்டாம்பட்சம். ஜிம் ஷூவோட தட்டை அடி ஈரப் புல்லுல ஒரு நிமிஷம் கூட நிக்காது.

#6 பச்சைக்கோடு

கூகுள் மேப் கேள்விக்கு: வேண்டாம். அதில் கல்சுவரும் இல்லை, சட்டப்படி யாருக்கு எங்கே வழி என்பதும் இல்லை. பிரிட்டனின் வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசையில் ஓஎல்1 என்ற தாளை வாங்குங்கள். தலைப்பு டார்க் பீக். காசல்டன், ஈடேல், ஹோப், ஈடேலுக்கு வடக்கே உள்ள கிண்டர் மலை நான்கும் அதில் அடங்கும். அளவு 1:25,000. அதாவது தாளில் 4 செ.மீ. தரையில் 1 கி.மீ. நீலக் கட்டம் ஒவ்வொன்றும் 1 கி.மீ. பக்கம். அதே வரைபடம் போனிலும் கிடைக்கும். வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், பள்ளத்தாக்குகளில் சிக்னல் விட்டுப்போகும். குளிரில் பேட்டரி வேகமாக இறங்குவதால் போனை உள்சட்டைப் பையில் வையுங்கள்.

இந்தத் தாளைப் படிப்பதில் எல்லோரும் செய்யும் தவறுகள் மூன்று.

விட்டுவிட்டு வரும் பச்சைக் கோடுதான் பொது வழியுரிமை. குட்டைக் கோடுகள் நடைபாதை. நீண்ட கோடுகள் குதிரைப்பாதை, அதில் நடக்கலாம், சைக்கிளும் ஓட்டலாம். விட்டுவிட்டு வரும் கறுப்புக் கோடு தரையில் ஒரு பாதை தெரிகிறது என்று மட்டும் சொல்கிறது, அங்கே நடக்க உரிமை உண்டா என்று சொல்லாது. இது முதல் தவறு.

இரண்டாவது, ஊராட்சி எல்லையைக் காட்டும் கறுப்புப் புள்ளிகளைப் பாதை என்று நினைப்பது. எல்லைக்கோடு ஓடை நடுவிலும் செங்குத்துச் சரிவிலும் கவலையில்லாமல் போகும். "பாதை" ஆற்றின் நடுவே போனால் அது எல்லைக்கோடு.

மூன்றாவது தவறு, மெல்லிய கறுப்புக் கோடுகளைக் கவனிக்காமல் விடுவது. அவை ஒவ்வொன்றும் ஒரு கல்சுவர் அல்லது வேலி. மூடுபனியில் இருக்கும் இடத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. காசல்டனிலிருந்து ஹாலின்ஸ் கிராஸுக்கு ஏறும்போது எத்தனை சுவர் தாண்டினோம் என்று எண்ணிக்கொண்டே போனால் ஜிபிஎஸ் இல்லாமலே வரைபடத்தில் விரல் வைக்கலாம்.

தரையில் உள்ள அம்புக்குறிகள்: மஞ்சள் நடைபாதை, நீலம் குதிரைப்பாதை, ஊதா மோட்டார் வண்டி போகக் கூடாத பழைய வண்டிப்பாதை, சிவப்பு எல்லா வண்டிக்கும் திறந்த வழி. மஞ்சள் அம்பின் முனை எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று நின்று பாருங்கள். ஒரே கம்பத்தில் இரண்டு அம்புகள் இருந்தால் பாதி பேர் தவறான வயலுக்குள் போய்விடுகிறார்கள்.

வெளிர்மஞ்சள் பூசிய நிலம் 2000ஆம் ஆண்டுச் சட்டம் திறந்துவிட்ட நிலம். அங்கே பாதையை விட்டும் நடக்கலாம். கிண்டர் பீடபூமி அப்படிப்பட்டது. வெள்ளையாக இருக்கும் வயலில் பச்சைக்கோட்டை விட்டு விலக உரிமை கிடையாது.

#7 யாழ்நடை

பாதை, சப்பாத்து, வரைபடம் எல்லாம் வந்துவிட்டது. மாட்டைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை. காசல்டன் ஹோப் வயல்களில் நடக்கிறவர்களுக்கு மலையை விட மாடுதான் கவனிக்க வேண்டிய விடயம்.

எங்கள் ஊர்களில் மாடு ஆளுக்குப் பழகினது, கட்டி வளர்க்கிறது. இங்கே அது கூட்டமாய் நிக்கும், ஆளைத் தினமும் காணாது. ஆபத்தானது கன்றோடு நிக்கிற பசு. குளிர்காலம் முழுக்கக் கொட்டிலில் இருந்துவிட்டு ஏப்ரல், மே மாதங்களில் வெளியே விடுவார்கள். அந்த வாரங்களில்தான் கூடிய கவனம் வேணும்.

வயலுக்குள் இறங்கமுன் கேட்டில் நிண்டு பாருங்கள். வெளியேறுகிற இடம் எங்கே? கன்றுகள் எங்கே? பாதை பசுவுக்கும் கன்றுக்கும் நடுவாலே போகுதென்றால் ஓரமாய்ச் சுத்திப் போங்கள். ஓட வேண்டாம். சத்தம் போட வேண்டாம். இளங்காளைகள் பின்னாலே வந்தால் அது பெரும்பாலும் புதினம் பார்க்கிற ஆசைதான். திரும்பி நேரே பார்த்து, கையை அகல விரித்து, மெதுவாய் நடவுங்கள்.

நாய் கொண்டு போகிறவர்கள் கயிற்றில் பிடித்திருக்க வேணும். ஆனால் மாடு துரத்தினால் அந்த நிமிசமே கயிற்றை விட்டுவிடுங்கள். மாடு நாயைத்தான் கலைக்கும், நாய் ஓடித் தப்பும். பிடித்துக்கொண்டு நிக்கிற ஆள்தான் மிதிபடுகிறது.

கேட் எப்படி இருந்ததோ அப்படியே விடுங்கள். திறந்து கட்டியிருந்தால் மாடு தண்ணிக்குப் போக வழி விட்டிருக்கிறார்கள் என்று அர்த்தம், அதை மூடினால் ஒரு நாள் முழுக்கத் தண்ணி இல்லாமல் நிக்கும். பூட்டின கேட்டில் ஏறித்தான் ஆக வேணும் என்றால் பிணைச்சல் பக்கமாய் ஏறுங்கள், மற்றப் பக்கத்தில் ஏறினால் கேட் தொய்ஞ்சுபோகும். கல்சுவரில் ஏறவே வேண்டாம். அது சாந்து வைக்காமல் அடுக்கின சுவர். மேல்கல் ஒன்று விழுந்தால் மிச்சமும் கரையும், அந்த இடைவெளியாலே செம்மறி வெளியேறும்.

#8 பச்சைக்கோடு

யாழ்நடை சொன்னதோடு சட்டத்தையும் சேர்க்கிறேன், வயலில் நின்று குழம்பாமல் இருக்க உதவும்.

காளை: பொதுப்பாதை கடக்கும் வயலில் 10 மாதத்துக்கு மேற்பட்ட பால் இனக் காளையை விடக் கூடாது. ஃப்ரீசியன், ஹோல்ஸ்டீன், ஜெர்சி, கெர்ன்சி, அயர்ஷயர் எல்லாம் அதில் சேரும். மற்ற இனக் காளையை, பசுக்களோ கிடாரிகளோ கூட இருந்தால் விடலாம். ஆகவே மந்தையோடு நிற்கும் பழுப்பு நிறக் காளையைப் பார்த்ததும் விதிமீறல் என்று முடிவு கட்ட வேண்டாம். கடப்பதா சுற்றுவதா என்பது அப்போதும் உங்கள் கணிப்புதான்.

உழவு: வயல் நடுவே போகும் நடைபாதையை உழலாம். உழுத 14 நாளுக்குள் குறைந்தது 1 மீட்டர் அகலத்துக்கு மீண்டும் நடக்கும்படி செய்துதர வேண்டும். குதிரைப்பாதை என்றால் 2 மீட்டர். வயல் ஓரமாகப் போகும் பாதையை உழவே கூடாது. பாதையின் மேல் பயிர் நின்றால் பாதைக்கோட்டிலேயே நடக்கலாம். பயிருக்கு மரியாதை என்று நினைத்து ஓரமாகச் சுற்றினால் உரிமை இல்லாத நிலத்தில் நடக்கிறீர்கள். அடைப்பு, உடைந்த ஸ்டைல், காணாமல் போன பலகை எதுவாக இருந்தாலும் கட்ட எண்ணும் (வரைபடக் கட்டங்களை வைத்து இடத்தைச் சொல்லும் எண்) படமும் சேர்த்து மாவட்டக் கவுன்சிலின் பாதைப் பிரிவுக்கு எழுதுங்கள். இங்கே அது டார்பிஷயர் கவுண்டி கவுன்சில். படமும் இடமும் சேர்ந்த புகார்தான் வேலைக்கு வழிவகுக்கும்.

நாய்: வெளிர்மஞ்சள் நிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை 2 மீட்டருக்கு மேற்படாத கயிறு கட்டாயம். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக வைத்த விதி. கால்நடை அருகே ஆண்டு முழுக்க அதே விதி.

#9 மலைமழை

கேவ் டேலில் இறங்கக் கூடாது என்று முதல் பதிவில் ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். மேலிருந்து இறங்கும்போதுதான் கோட்டை பள்ளத்தாக்கின் வாயில் எழுந்து நிற்கிற காட்சி முழுதாகக் கிடைக்கும். 1176ல் இரண்டாம் ஹென்றி கட்டிய சதுரக் கோபுரம் அது. ஏறுகிறவர்களுக்கு அது முதுகுப் பக்கம். உலர்ந்த வாரத்தில், இரண்டு ஊன்றுகோலோடு இறங்குவதில் என்ன தவறு?

#10 முகடுவழி

காட்சி விஷயத்தில் உங்களோடு வாதமில்லை. ஆனால் "உலர்ந்த வாரம்" என்பதை வானத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. கேவ் டேலின் கீழ்ப்பகுதி ஒடுக்கம், இருபுறமும் பாறைச்சுவர், குளிர்காலத்தில் வெயில் அடிவரை எட்டுவதே அரிது. ஊரில் தெரு காய்ந்து கிடக்கும்போதும் அங்கே கல்லின் மேல் ஈரப் படலம் இருக்கும். ஊன்றுகோலின் உலோக முனை தேய்ந்த சுண்ணாம்புக்கல்லில் பிடிக்காது, சறுக்கும். அதை நம்பிச் சாய்ந்தவர் கோலோடு சேர்ந்து விழுவார். முனைக்கு ரப்பர் தொப்பி போட்டால் உலர்கல்லில் பிடிக்கும், ஈரக்கல்லில் அதுவும் சந்தேகம்.

ஆக, மே முதல் செப்டம்பர் வரை, மூன்று நான்கு நாள் மழையில்லாமல் இருந்தால் இறங்குங்கள். பாதம் முழுவதும் தரையில் படும்படி, குட்டையாக எட்டு வையுங்கள். கல்லின் பளபளப்பான மேற்புறத்தைத் தவிர்த்துக் கற்களுக்கு நடுவே உள்ள சொரசொரப்பில் மிதியுங்கள். மற்றக் காலங்களில் ஏறுங்கள், காட்சிக்கு அவ்வப்போது நின்று திரும்பிப் பாருங்கள்.

தெற்கு மேட்டுநிலத்தில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அங்கே நூற்றாண்டுக் கணக்கில் ஈயம் தோண்டியிருக்கிறார்கள். புல் மூடிய நீளப் பள்ளங்களும் மேடுகளும் அந்தச் சுரங்கங்களின் தடம். குழிகள் சிலவற்றுக்கு மூடி உண்டு, மூடியின் வலு மேலிருந்து தெரியாது. பிள்ளைகளை அந்த மேடுகளில் ஓடவிடாதீர்கள். சுரங்கம் பார்க்க ஆசையிருந்தால் உடைந்த சாலையின் கீழ்முனையில் ஓடின் சுரங்கம் இருக்கிறது. தாதுவை நசுக்கிய இரும்பு வளையமும் கல்சக்கரமும் பாதையோரமே கிடக்கின்றன.

வின்னட்ஸ் பாஸ் பற்றி ஒரு வரி: பார்க்க அற்புதமான கணவாய், ஆனால் சாலைக்கு நடைமேடை இல்லை, சரிவு 20 சதவீதத்துக்கு மேல், கார்கள் பிரேக் பிடித்தபடியே இறங்கும். நடக்கிறவர்கள் புல் ஓரத்தை விட்டு இறங்காமல் போகலாம். திரும்பும் வழியாக அதைத் தேர்ந்தெடுக்க எந்தக் காரணமும் இல்லை, உடைந்த சாலை பக்கத்திலேயே இருக்கிறது.

#11 யாழ்நடை

கிண்டரைப் பற்றி ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார், இங்கேயே எழுதுகிறேன். 636 மீட்டர், டார்பிஷயரில் உயர்ந்த இடம். 1932 ஏப்ரல் 24 அன்று நூற்றுக்கணக்கான தொழிலாளர் ஹேஃபீல்ட் பக்கத்தாலே அத்துமீறி ஏறினது இந்த மலையில்தான். தலைமை தாங்கின பென்னி ராத்மனையும் வேறு நாலு பேரையும் சிறையில் போட்டார்கள். இண்டைக்கு அந்த நிலம் எல்லாருக்கும் திறந்திருக்கு. பென்னைன் வே நெடும்பாதை ஈடேலில்தான் தொடங்குது.

ஈடேலிலிருந்து ஜேக்கப்ஸ் லாடர் படி வழியாய் கிண்டர் லோவுக்குப் போய் அதே வழியாய்த் திரும்பினால் சுமார் 13 கி.மீ. கல் பாவின பாதை நல்லாய் விளங்கும். ஆனால் மேலே பீடபூமி முழுக்கக் கறுத்த பீட் மண் (மக்கின செடிகளால் ஆன ஈரமண்), ஆள் உயரத்துக்கு வெட்டின வாய்க்கால்கள். அதுக்குள் இறங்கினால் சுத்தி ஒன்றும் தெரியாது, திசை மாறிப்போகும். மூடுபனி வந்தால் விளிம்புப் பாதையை விட்டு உள்ளே போகவே வேண்டாம். திசைகாட்டி பாவிக்கத் தெரியாதவர்கள் முகட்டு நடையை நாலைந்து தரம் முடித்துவிட்டு வாருங்கள்.

காயம் பட்டால்: 999, முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மலை மீட்புக்குழு என்று சொல்லுங்கள். ஆம்புலன்ஸ் என்று மட்டும் சொன்னால் வண்டி தார் ரோட்டில் வந்து நிக்கும். கட்ட எண்ணைக் கிழக்கு முதல், வடக்கு பிறகு என்று வாசியுங்கள். மாம் டோரின் எண் எஸ்கே 127 836, எஸ்கே என்பது வரைபடப் பகுதியின் எழுத்து. ஆறு இலக்கம் 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும், அது போதும். குரல் எடுபடாத இடத்தில் குறுஞ்செய்தி போகும், ஆனால் முன்கூட்டியே பதிந்திருக்க வேணும். ரெஜிஸ்டர் என்ற சொல்லை ஆங்கிலத்தில் 999க்கு அனுப்பி, வருகிற பதிலின்படி செய்யுங்கள். விசில் என்றால் நிமிசத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிசம் இடைவெளி, திரும்பவும் ஆறு. பதில் மூன்று ஊதலாய் வரும். பதில் வந்த பிறகும் ஊதுவதை நிறுத்த வேண்டாம், அவர்கள் சத்தத்தைப் பிடித்துத்தான் வருவார்கள்.

கோடையில் பெரணிப் புதருக்குள்ளாலே நடந்தால் அன்றிரவே உண்ணி இருக்கோ என்று பாருங்கள்: முழங்கால் மடிப்பு, இடுப்பு, பிள்ளைகளுக்குத் தலைமயிர் ஓரம். உண்ணிக் கொக்கியாலோ கூர்ச்சாமணத்தாலோ தோலோடு ஒட்டப் பிடித்து எடுக்க வேணும். எண்ணெய் பூசுறது, சுடுறது வேண்டாம். அடுத்த வாரங்களில் வட்டமாய்ப் பரவுகிற சிவப்பு கண்டால் டொக்டரிடம் காட்டுங்கள், லைம் நோயாக இருக்கலாம்.

#12 புதுநடை

எல்லோருக்கும் நன்றி. டிசம்பருக்கு ஓடைப் பாதை, காற்றில்லாவிட்டால் மாம் நிக். நானும் நண்பரும் மார்ச்சில் ஈடேலிலிருந்து ஹோப் முழு முகடு போகலாமென்று இருக்கிறோம், மான்செஸ்டரிலிருந்து ரயிலில். நேரத்தை எப்படிக் கணக்கிடுவது?

#13 ஷெஃபீல்ட் செல்வி

நெய்ஸ்மித் கணக்கு, 1892லிருந்து எல்லாரும் பயன்படுத்தறது. 5 கி.மீ.க்கு ஒரு மணி, 600 மீட்டர் ஏத்தத்துக்கு இன்னொரு மணி. 11 கி.மீ.ன்னா 2 மணி 12 நிமிஷம், 470 மீட்டருக்கு 47 நிமிஷம், ஆக மூணு மணி. அது நிக்காம நடக்கிற ஆளுக்கு. சாப்பாடு, படம், ஷூ லேஸ், சேறு எல்லாம் சேர்த்தா நாலரை மணி வச்சுக்கோங்க. மார்ச்ல ஹாலின்ஸ் கிராஸ் ஏற்றம் நல்ல சேறா இருக்கும், அதுக்கு மட்டும் கால் மணி கூடும்.

டிக்கெட்டை மான்செஸ்டர்லிருந்து ஹோப் வரைக்கும் ரிட்டர்னா எடுங்க. ஈடேல் அதுக்கு முந்தின ஸ்டேஷன், போகும்போது அங்க இறங்கிக்கலாம், வரும்போது ஹோப்ல ஏறலாம். ஷெஃபீல்ட்லிருந்து வர்றவங்களுக்கு இதுவே தலைகீழ், அவங்க ஈடேல் வரைக்கும் எடுக்கணும். குறிப்பிட்ட ரயிலுக்கு மட்டும் செல்லுற அட்வான்ஸ் டிக்கெட்ல இப்படி நடுவுல இறங்க முடியாது. அந்தத் தடத்துல வேக ரயில்கள் ரெண்டு ஸ்டேஷன்லயும் நிக்காமப் போயிடும், எல்லா ஸ்டேஷன்லயும் நிக்கற ரயிலைப் பாருங்க. ஞாயிற்றுக்கிழமை அட்டவணை வேற, முந்தின நாள் ராத்திரி ஒரு தடவை சரிபாருங்க.

பின்னாலிருந்து கணக்குப் போடுங்க. லூஸ் ஹில் உச்சியிலிருந்து ஹோப் ஊருக்கு ஒரு மணி நேர இறக்கம். ஊர் நடுவுலிருந்து ஸ்டேஷனுக்கு இன்னும் ஒரு கி.மீ. இருக்கு, நிறைய பேர் ஊரை எட்டினதும் முடிஞ்சதுன்னு உட்கார்ந்து ரயிலை விடறாங்க. 4.30 ரயில்னா 3 மணிக்கு உச்சியை விட்டுக் கிளம்பணும். 2 மணிக்கு நீங்க இன்னும் ஹாலின்ஸ் கிராஸையே தாண்டலைன்னா லூஸ் ஹில்லை விட்டுட்டு காசல்டனுக்கு இறங்கிடுங்க. அங்கிருந்து ஓடைப் பாதை ஹோப்புக்குத்தான் போகுது, ஒரு ஏற்றமும் கிடையாது.